கழற்றி வைத்த இருக்கை

9 பிப்ரவரி 1968, வெள்ளி இரவு

நேபாளத்தில் சாலை போடும் வேலைக்குப் போகிற மகன் லாரன்ஸோடு போக நான் பயந்து பின்வாங்கினேனாம். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். பொய்.

அவன் நேபாளம்வரை ஓட்டிப்போக வாங்கிய பழைய ஜீப்பைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். லாரன்ஸ் முதலில் பார்த்து மயங்கிய வண்டியில் புதுப் பெயின்ட் பளபளத்தது. ராயபுரத்து உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகளைக் காப்பாற்றி வருபவளைப் பெயின்ட் ஏமாற்றுமா? குடைக்காம்பால் அடியில் தட்டினேன். துரு பொலபொலவென்று கொட்டியது. இரண்டாவது வண்டியைக் காசிமேட்டு மணலில் இறக்கி, நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கியதும் நான்தான்.

இன்று என் இருக்கைக்குத் தைத்த மெத்தையோடு ஜீப் நிற்கும் டோல்கேட் பட்டறைக்குப் போனேன். இருக்கை இல்லை. அந்த இடத்தில் பெட்ரோல் கேன்கள் வைக்க இரும்புச் சட்டம் பற்றவைத்திருந்தது.

"சீட் எங்கே, காதர்?"

"இன்னாம்மா, ஒங்களுக்குத் தெரியாதா? தம்பிதான் கயட்டச் சொல்லிச்சு. ஒண்டியாத்தானே போவுது! நீங்க பயந்துகினு வரலன்னுட்டீங்கன்னும் அதான் சொல்லிச்சு."

"வெல்டிங் செய்யும்போது முட்டிக்குப் போட்டுக்கொள்" என்று மெத்தையை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

சாப்பிடும்போது லாரன்ஸ் மீன்முள்ளைப் பார்த்தபடி, "அங்க ரோடு மோசம்மா. உங்க இடுப்பு தாங்காது" என்றான்.

லாரன்ஸ், இந்தப் பக்கத்தை மேசையில் திறந்தே வைக்கிறேன். வர வேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருக்கலாம். நான் பயந்தேன் என்று ஊரிடம் ஏன் சொன்னாய்? பதிலை எழுத்தில் கொடு.