கிள்ளிய இலை

தாம்பரம்,
4.3.1992

அன்புள்ள அம்மாவுக்குப் பூங்கோதையின் வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் புகையிலைச் செடிகளின் கீழ் இலையில் நோய்க்கிருமியைத் தடவியிருந்தோம். நோய்ப்பட்ட இலை செடிக்குள்ளேயே சேதி அனுப்பும். மேல் இலைகள் எதிர்க்கத் தயாராகிவிடும். ஒரு செடியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த இலையை அன்றே கிள்ளிவிட்டேன். அடுத்த வாரம் மேல் இலைகளில் அதே கிருமியைத் தடவியபோது மற்றவை தாங்கிக்கொண்டன; அந்தச் செடியில் மட்டும் மேலெல்லாம் புள்ளி. எங்கள் கூடத்துத் துளசிங்கம் சார், "இன்னாம்மா, சேதி போறதுக்குள்ள தபால்காரனையே துரத்திட்டியே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அறைக்கு வந்தால் உன் கடிதம். என் பாப்பா உட்பட எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தாய். மடிப்பிலிருந்து ஒரு வேப்பிலை விழுந்தது.

பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறதா அம்மா? நான் பயப்படுவேன் என்றா மறைத்தாய்? தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. அவள் நகத்தை ஒட்ட வெட்டிவிடு. பெட்டியில் என் பழைய வாயில் புடவை இருக்கிறது, அதில் படுக்க வை. என் வாசனை இன்னும் இருக்கும்.

எழுதும்போதே தோன்றுகிறது, இது வந்து சேருவதற்குள் நானே வந்துவிடலாம். காலை ரயிலைப் பிடிக்கிறேன்.

உன்
பூங்கோதை