காலற்ற அரணைக்கு நாகப் பெயர் நீக்கிய ஓலை

ஏரிகள் நிறைக, எல்லைகள் அமைதி பெறுக. வேங்கைமாநகரில் வீற்றிருந்து நாடாளும் வெயினி மாதேவியாரின் திருவாணை தலைமேற்கொண்டு, ஓலைநாயகம் நன்மாறன், செம்மணல் நாட்டு நாகக்காவுச் சபையாருக்கு விடுக்கும் ஓலை. நாகம் உறையும் சோலையாகிய உங்கள் காவின் நிழல் குறையாதிருக்க. உங்கள் மக்கள் பிணியின்றி வாழ்க.

வெண்கோதை என்னும் உழத்தியின் கிழங்குக் கொல்லையில் காலில்லா உயிர் ஒன்று அகப்பட்டதும், நாகம் குடியிருக்கும் மண்ணில் ஏர் படலாகாது என்னும் வழக்கப்படி நீங்கள் அக்கொல்லையைக் காவோடு சேர்த்ததும், தன் பிள்ளைகளுக்கு வேறு நிலமில்லை என்று அவள் அரண்மனை வாயிலில் முறையிட்டதும் நீங்கள் அறிந்தவை. உண்மை காண உயிர்நூல் வல்ல சேந்தன் கிழார் அனுப்பப்பட்டார். அங்கே நடந்ததைச் சபையார் அனைவரும் ஒன்றுபோல் அறிவீராக.

சேந்தன் மண்வெட்டி கேட்கவில்லை. மணலைக் கையால் அள்ளிச் சல்லடையில் இட்டுச் சலித்தார். மூன்று உயிர்கள் அகப்பட்டன. முதலாவதற்கு நான்கு குட்டைக் கால்கள். அதை அரணை என்று எல்லோரும் ஒப்பினர். அடுத்ததற்கு முன்கால் இல்லை, பின்கால்கள் அரிசிக் குருணை அளவே. மூன்றாவதற்குக் காலே இல்லை. சேந்தன் அதைப் புரட்டிக் காட்டினார். பாம்பின் வயிற்றில் அகன்ற செதில்கள் குறுக்கே படிகள் போல் அடுக்கியிருக்கும்; இதற்கோ முதுகில் உள்ள சிறு செதில்களே வயிற்றிலும் இருந்தன. முகத்து மணலை ஊதியபோது அது இமைகளை மூடிக்கொண்டது. பாம்புக்கு மூடும் இமை கிடையாது.

காவின் பூசாரி மாசாத்தன் அசையவில்லை. "கண்ண மூடுனா என்னய்யா? காலக் காட்டுங்க, கொல்லைய இப்பவே விட்டுடறேன்" என்றார்.

"எங்க மாமனாரும்தான் கால் விழுந்து கெடக்காரு. அவரு படமெடுப்பாரான்னு வந்து பாருங்க பூசாரியாரே" என்றாள் வெண்கோதை.

மணலுக்குள் நீந்தும் உடலுக்குக் கால்கள் தடையாவதால், தலைமுறை தலைமுறையாக அவை சிறுத்து மறைந்திருக்கலாம் என்று சேந்தன் ஆர்வத்தோடு விளக்கினார். மாசாத்தன் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! இது நாகமாகப் போற வழியில இருக்கு. கால் போச்சுல்ல? படம் பின்னால வரும்."

அது எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அன்று என்று சேந்தனுக்குத் தோன்றியது. மூன்றையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: இல்லாததை வைத்து உறவு சொன்னால் மண்புழுவும் நாகத்தின் தம்பியாகிவிடும், ஒரே பொருளை அயலார் பலரும் தனித்தனியே இழக்கக்கூடும். எதை இன்னும் வைத்திருக்கிறது என்று பார்த்தே குலம் அறிய வேண்டும். இமை, செதில், ஊசித்துளை போன்ற செவி, இம்மூன்றும் அரணைக்கு உரியவை.

மாசாத்தனுக்கு மனம் ஆறவில்லை. அதன் நாகத் தோற்றத்தைக் காட்டுவதற்காக அதை வாலைப் பிடித்துத் தூக்கினார். வால் ஒடிந்து அவர் உள்ளங்கையில் துள்ளியது. உடல் மணலுக்குள் மறைந்தது. நாகத்துக்கு ஊறு செய்தவன் பூசாரிப் பணி இழப்பான் என்பது உங்கள் காவின் சட்டம்.

"போச்சு! இனி காவுக்கு யாரு வெளக்கு வைக்கிறது?" என்றாள் வெண்கோதை.

அரணைக்கு அறுந்த வால் மீண்டும் முளைக்கும், பாம்புக்கு முளைக்காது என்றார் சேந்தன். மாசாத்தன் துள்ளல் அடங்கும்வரை கையை மூடவில்லை. "அரணதான்யா" என்றார். சற்றுப் பொறுத்து, "அதுக்கு வலிச்சிருக்குமோ?" என்று கேட்டார். வெண்கோதை சிரிக்கவில்லை.

இதைக் கேட்ட மாதேவியாரின் ஆணையாவது: கொல்லை இன்றே வெண்கோதைக்கு மீள்க. காலின்மை ஒன்றையே சான்றாகக் கொண்டு இனி எவர் நிலமும் காவோடு சேரலாகாது. அரணை என்று அறியப்பட்டது என்பதற்காக அவ்வுயிரைக் கொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. பணி காத்துக்கொள்ள மாசாத்தன் அதை அரணை என்றாரோ என்று சபையில் எவரேனும் ஐயுற்றால், அவர் அதன்பின் கேட்ட கேள்வியை எண்ணிப் பார்க்க. மாசாத்தனே பூசாரியாக நீடிப்பார்.

இவ்வோலை கண்ட பொழுதே செயலாகுக. வேங்கை இலச்சினை இட்டோம்.