மாம்பழப் பட்டு கட்டிக்கொண்டு ஒருத்தி

கோவில்பட்டி
கார்த்திகை, ஞாயிறு

அன்பு மகன் பாலகணேஷுக்கு அம்மா எழுதுவது. செண்பகவல்லித் தாய் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் காளீஸ்வரியும் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு திரிகிறீர்களா என்பதுதான் என் கவலை. இங்கே கரிசலுக்கு வேண்டிய மழை கிடைத்துவிட்டது, நம் காட்டில் உளுந்து பூத்து நிற்கிறது, தீக்குச்சிதான் ஈரத்தில் காயமாட்டேன் என்கிறது, அதற்கும் அப்பா என்னிடம்தான் எரிந்து விழுகிறார். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவாய் என்று உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து நம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற பிள்ளை பொன்மணியை அப்பா வேலையை விட்டு நிறுத்தியது உனக்குத் தெரியும். ஆபீஸுக்குள் டான்ஸ் ஆடி வீடியோ போட்டிருக்கிறாள் என்று வியாபாரி ஒருவர் அனுப்ப, அப்பா அதை உனக்கும் அனுப்பினார். போன் வாசலோடு நிற்க வேண்டும், மீறினால் வேலை கிடையாது என்று தாள் எழுதி ஒட்டச் சொன்னவனே நீதானே, ஒருத்தியை விட்டால் எல்லாரும் கொண்டுவருவார்கள் என்றாய். அதில் தப்பில்லை, தீக்குச்சி மருந்து இருக்கிற இடத்தில் போன் கூடாதுதான். "நான் வேல நாள்ல எடுக்கல அண்ணாச்சி" என்று அவள் அழுததைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை. புருஷன் படுத்த படுக்கை, அவள் கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

எனக்கு அந்த வீடியோவை யாரும் காட்டவில்லை. வியாழக்கிழமை அப்பா குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்து நானே பார்த்தேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லையப்பா. பொன்மணிக்குப் பின்னால் மிஷினில் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, அதையும் தாண்டி மாம்பழப் பட்டு கட்டிக்கொண்டு பொரிகடலைத் தட்டோடு ஒருத்தி குறுக்கே போகிறாள், அது நான்! ஆயுத பூஜைக்கு மருந்தையெல்லாம் எடுத்துப் பூட்டி, ஆபீஸைக் கழுவிவிட்டு, இன்றைக்கு மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவே சொன்னார். அந்தப் பிள்ளை தீபாவளி கழித்துப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். புருஷனும் பார்த்தார், மகனும் பார்த்தான், நான் நடந்துபோவது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

அப்பாவிடம் காட்டினேன், இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார், அப்புறம் "ஏட்டி, சட்டைய எடு, கழுகுமலைக்குப் போவோம்" என்றார். பொன்மணி காப்பி கொடுத்தாள், ஆனால் உடனே சம்மதிக்கவில்லை. "எல்லாரு முன்னாலயும்தான என்னய வெளிய போகச் சொன்னிய, எல்லாரு முன்னாலயும் உள்ள கூப்பிடுங்க, வாரேன்" என்றாள். மறுநாள் காலை வேலைக்கு வந்த அத்தனை பேரும் நிற்க, அப்பா வாசலுக்கு வந்து "எம்மேலதாம்மா தப்பு, உள்ள வா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை, உன் அப்பாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நீ ஒட்டச் சொன்ன தாள் அப்படியே இருக்கட்டும், விசாரிக்காமல் யாரையும் நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி மட்டும் சேர்த்து அனுப்பு. காளீஸ்வரியை வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓட வேண்டாம் என்று சொல். இருவரும் வயிறாரச் சாப்பிட்டு, மனசு நிறைந்து வாழ வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் பொன்மணிக்கு ஒரு போன் போடு. உள்ளே வந்ததும் அவள் என்னிடம், "தம்பியும் என்னய அப்படித்தான் நெனச்சாவளாம்மா" என்று கேட்டாள். அதற்குப் பதில் நீதான் அவளிடம் சொல்ல வேண்டும்.

உன் அம்மா
முப்பிடாதி