கிடையாலா, ஓடையாலா?

மூன்று தடவை பூக்கட்டி, மூன்றாவது பூவை மட்டும் நம்புகிற என் அம்மாவுக்கு,

உளுந்து வீடு வந்து சேர்ந்தது. நீ போன பிறகு எடுத்த முதல் விளைச்சல். இந்தத் தடவை அது பத்துச் சாக்கில், பத்து நம்பரோடு வந்தது. ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

பங்குனியில் நீ கண்ணை மூடினாய். ஆடியில் கிடைக்கார அண்ணாச்சி வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், இந்த வருஷம் கிடை வேண்டாம் என்றார். விதைப்புக்கு முன்னால் ஆடுகளை நம் நிலத்தில் மடக்கிப் போட்டு, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்க வைப்பது உன் ஏற்பாடு. அப்பாவுக்கு மூட்டை உரம் போதும். வருஷா வருஷம் இதற்காக நீங்கள் போட்ட சண்டையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். கடைசியில் நீ ஓடைப்பக்கம் கையை நீட்டுவாய். கிடை போட்ட அந்தப் பக்கம் பயிர் கருகருவென்று நிற்கும். மேட்டில் வெளிறிக் கிடக்கும். கண் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்பாய்.

எனக்கும் கண் இருந்தது அம்மா. ஆனால் ஒரு கேள்வி தோன்றவே இல்லை. கிடையை ஏன் எப்போதும் ஓடைப்பக்கமே போட்டோம்? அங்கே வேலமர நிழல் உண்டு, ஆடுகளுக்கு வசதி. மழைத் தண்ணீர் வடிந்து தேங்குவதும் அங்கேதான். அப்படியானால் அந்தப் பச்சை கிடையால் வந்ததா, ஓடையால் வந்ததா? இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருந்தன. பிரித்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை, உனக்கும் அப்பாவுக்கும்கூட.

கோவில்பட்டியில் என் வகுப்புக் கரும்பலகையில் கருதுகோள், சோதனை, முடிவு என்று வருஷந்தோறும் எழுதுகிறேன். காந்தம், லிட்மஸ் தாள் என்று நாங்கள் செய்கிற எல்லாவற்றுக்கும் விடை புத்தகத்திலேயே இருக்கிறது. விடை தெரியாத ஒன்றை நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. அதனால்தான் கிடையைச் சோதித்துப் பார்க்க அப்பாவிடம் ஒரே ஒரு வருஷம் கேட்டேன்.

“ஏட்டி, உங்கம்மாகிட்ட தோத்தது பத்தாதா? மண்ணுகிட்டயும் தோக்கணுமா?” என்றார். ஆனால் மறுக்கவில்லை.

நிலத்தை மேட்டிலிருந்து ஓடை வரை ஐந்து அடுக்காகப் பிரித்தேன். ஒவ்வொரு அடுக்கையும் வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கினேன். ஒரு பாதியில் கிடை, மறுபாதி சும்மா. ஒரே அடுக்கில் இருப்பதால் இரண்டு பாதிக்கும் ஏறக்குறைய ஒரே ஈரம். விதை ஒன்று, விதைக்கிற நாள் ஒன்று, களையெடுக்கிற நாள் ஒன்று, அடியுரமும் ஒரே அளவு. மாறுவது கிடை மட்டும். ஐந்து ஜோடியில் மூன்றிலாவது கிடைப் பாதி கூடுதலாக விளையாவிட்டால், இனி நம் நிலத்தில் கிடை இல்லை. இது நானும் அப்பாவும் விதைப்புக்கு முன்பே தாளில் எழுதிக்கொண்டது. எழுதிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. உன் பேச்சு என்று அந்த நிலத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதானே?

எந்தப் பாதிக்குக் கிடை என்பதை நான் முடிவு செய்யக்கூடாது. நான் உன் கட்சி. என்னை அறியாமலே நல்ல மண்ணாகப் பார்த்து உனக்குக் கொடுத்துவிடுவேன். அதனால் உன் வழிக்கே போனேன். நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் தனித்தனித் தாளில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பொட்டலம் எடுத்தேன். வெள்ளை வந்தால் தெற்கில் கிடை, சிவப்பு வந்தால் வடக்கில்.

மூன்றாவது அடுக்குக்கு வெள்ளை வந்தது. அந்தத் தெற்குப் பாதி உனக்குத் தெரியும், சுக்கான் கல் கிடந்து எதுவும் சரியாக விளையாத இடம். என் கை மறுபடி தாளை மடிக்கப் போய்விட்டது. எனக்கு நீ கல்லூரி பார்த்தபோது செய்தது ஞாபகம் வந்தது. இரண்டு தடவை சிவப்பு, வேண்டாம் என்று வந்தது. “மடிச்சது சரியில்லட்டி” என்று சொல்லி, வெள்ளை வரும் வரை விடவில்லை நீ. அன்றைக்கு நீ அம்மனிடம் கேட்டாயா, சொன்னாயா அம்மா? நான் கையை எடுத்துக்கொண்டேன். வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும்.

நிலத்தில் கோடு போட்டிருப்பதைப் பார்த்துக் கிடைக்கார அண்ணாச்சி, “ஏம் தாயி, ஆட்டுப் புழுக்கைக்கும் பரீட்சை வைக்கியளா?” என்றார். ஆனாலும் ஒவ்வொரு கிடைப் பாதியிலும் அதே ஆடுகளை, அதே கணக்கு நாளுக்கு மடக்கிக் கொடுத்தார்.

தையில் உளுந்தைத் தனித்தனியாக அடித்துச் சாக்கில் கட்டினோம். அப்பா சாக்குகளைக் கலைத்துப் போட்டுப் புது நம்பர் எழுதி, எது எது என்ற பட்டியலைக் கவரில் ஒட்டி வைத்தார். தராசில் நிறுத்தது அடுத்த புஞ்சைக்காரி பேச்சியக்கா. கிடை ஜெயித்தாலும் தோற்றாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. “எந்தச் சாக்கு எவளுதுன்னு எனக்கு என்னட்டி? முள்ளு நிக்க இடத்தச் சொல்லுதேன், எழுதிக்கோ” என்றாள்.

கவரைப் பிரித்தோம். ஐந்து ஜோடியில் நான்கில் கிடைப் பாதி கூடுதல்.

ஆனால் நீ சொன்ன அளவுக்கு இல்லை அம்மா. கிடையே போடாத பாதிகளை மட்டும் பார்த்தாலும், ஓடைப்பக்கம் மேட்டைவிட வெகுவாக விளைந்திருந்தது. கிடை கொடுத்ததைவிட ஓடை கொடுத்தது அதிகம். எதிர்மாறாக நின்ற ஒரே ஜோடி அந்தச் சுக்கான் கல் அடுக்கு. கல் கிடக்கிறது என்று அதைத் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். கல் மறுபாதியில் இருந்திருந்தால் நான் கல்லைப் பற்றிப் பேசியிருப்பேனா? தள்ளவில்லை.

ஒப்பந்தப்படி நீ ஜெயித்தாய். அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு கேள்வி தூங்கவிடவில்லை. கிடையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், தற்செயலாகவே நான்கு விழுந்திருக்காதா? மறுநாள் பூவைப் பறித்துவந்து உட்கார்ந்தேன். ஐந்து தடவை எடுத்தால் குறைந்தது நான்கு தடவை வெள்ளை வருகிறதா என்று பார்ப்பது ஒரு சுற்று. அப்படி இருபது சுற்று. நான்கு சுற்றில் வந்தது. எந்த ஆடும் படுக்காமல், வெறும் பூவிலேயே.

இதை அப்பாவிடம் சொன்னால் கிடை போய்விடலாம். இரண்டு நாள் மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அப்பா வாடிக் கிடந்த பூக்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“அப்ப, உங்கம்மா சொன்னதும் உறுதியில்ல, நான் சொன்னதும் உறுதியில்ல. இன்னொரு வருசம் பாக்கணும். அதான?”

“ஆமாப்பா.”

போன வாரம் கிடைக்கார அண்ணாச்சி வந்து, ஆடு பாஸா பெயிலா என்று கேட்டார். “ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருக்கு அண்ணாச்சி. ஆடிக்கு வாங்க. எங்கன மடக்கணும்னு எம் மக பூக்கட்டிச் சொல்லுவா” என்றார் அப்பா. இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

வருகிற ஆடியில் புதிதாகப் பூக்கட்டுவேன். எந்தப் பூ வந்தாலும் தாளைத் திரும்ப மடிக்கமாட்டேன். நீ தோற்றாலும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

உன் கட்சியிலேயே இருந்துகொண்டு, உன் பூவை ஒரே தடவை எடுக்கிற
உன் மகள்