நீலச் சட்டைக்காரன் வந்தானா?

மார்ச் 4, செவ்வாய்

மதியம் பத்திரிகைக்காரர்களுக்கான காட்சி. வயிறு நிறையச் சாப்பிட்டவர்களைக் குளிரூட்டிய இருட்டில் உட்காரவைப்பது யார் சொன்ன யோசனையோ.

என் பக்கத்து இருக்கையில் எங்கள் நிறுவனத்துச் சினிமா வணிக இதழின் ஆசிரியர். படம் ஓடும்போதே எத்தனை அரங்கு, எத்தனை வாரம் என்று முணுமுணுப்பார். அவர் இதழைத் தியேட்டர்காரர்கள்தான் வாங்குகிறார்கள். ‘வசூல்’ என்றுதான் அவருக்குப் பெயர். முன் வரிசையில் தாடி. கனமான மாத இதழ் அவருடையது. ஒரு காட்சி நகராமல் நின்றால் மனிதர் மகிழ்ந்துபோவார். நான் வார இதழில் ‘படத்தின் கதை’ பக்கம் எழுதுகிறவள். தியேட்டருக்குப் போக முடியாதவர்களுக்காகக் கதையை முடிவு வரைக்கும் சொல்கிற பக்கம். ஒரே முதலாளி, ஒரே மாடி, மூன்று மேசை. ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்று படங்களைப் பற்றி எழுதுவோம்.

இன்றைய படம் நன்றாக இருந்தது. படகுத்துறையில் தையல் கடை வைத்திருக்கும் ஒருத்தி. வேலை தேடி அக்கரைக்குப் போன புருஷனுக்காக நீலச் சட்டை தைத்து வைத்துக் காத்திருக்கிறாள். படம் முழுக்கத் தண்ணீர், மழை, தையல் மிஷின் சத்தம். அந்தச் சத்தம் ஒரு தாலாட்டு. கடைசியில் மழையில் படகு வருகிறது. நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு துறையில் நடந்துபோகிறது. வந்துவிட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வழக்கம்போல எழுதுவதற்கு முன்னால் அக்காவுக்குச் சொன்னேன். மாடிப்படியில் விழுந்து கால் முறிந்ததிலிருந்து அவள் இந்த மூன்று மாடியை இறங்கியதே இல்லை. வீட்டுக்குள் கைத்தடியோடு நன்றாகவே நடக்கிறாள். வெளியே போகலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. “அதான் நீ வந்து சொல்றியே, போதாதா?” என்பாள். அவளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தப் பக்கமே எழுத வந்தது.

“அப்பாடா, வந்துட்டானா!” என்று தலையணையைக் கட்டிக்கொண்டாள். பிறகு, “சட்டை அவகிட்டதானே இருந்தது? அவன் எப்போ போட்டான்?”

துறையிலேயே கொடுத்திருப்பாள் என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

படமும் வந்தது, இதழும் வந்தது. என் பக்கத்துக்கு நல்ல இடம்.

மார்ச் 8, சனி

அவன் வரவில்லையாம்.

எங்கள் வார இதழின் ஆசிரியர் மேடம் போனில் கேட்டார்: “ஏம்மா, படத்துல அவன் திரும்பி வரவே இல்லையே. நீங்க எந்தப் படத்தைப் பார்த்தீங்க?”

தூங்கியிருக்கிறேன். தூங்கியதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். அப்படியென்றால் அந்த முதுகு? அந்த மழை? கனவுல கண்டதை அச்சுல ஏத்திட்டேனே! இனி யார் மூஞ்சியில முழிக்கிறது?

மார்ச் 10, திங்கள்

ஆபீசில் ஆளுக்கொரு தராசு வைத்திருந்தார்கள்.

காலையிலிருந்து ரசிகர்களின் போன். “நாங்க அழுதுட்டு வெளியே வந்தா, நீங்க வந்துட்டான்னு எழுதியிருக்கீங்க! எங்க அழுகைக்கு என்ன மரியாதை?” நியாயமான கேள்விதான்.

வசூலுக்கு வாயெல்லாம் பல். “எது நிஜ முடிவுன்னு பார்க்கவே கூட்டம் வருது. அடுத்த படத்துக்கும் கொஞ்சம் கண்ணசந்துடுங்க.” இவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து இருக்கையாயிற்றே. குறட்டை கேட்டிருக்கும். எழுப்பினால்தான் என்னவாம்.

தாடி எழுந்து வந்து கை குலுக்கினார். “படத்தோட முடிவை ஏத்துக்காம நீங்களே வேற முடிவு எழுதினீங்க பாருங்க, அதுதான் விமர்சனம். இதை விரிச்சு எனக்கு ஒரு கட்டுரையா கொடுங்க.” தூங்கிவிட்டேன் சார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் வந்த போன்தான் என்னைக் கொன்றது. குரலைக் கேட்டால் வயதான ஒரு பெண். படுக்கையை விட்டு எழ முடியாதவராம், பக்கத்து வீட்டுக்காரி படித்துக் காட்டினாளாம். “அவன் வந்துட்டான்னு கேட்டதும் மனசு நிறைஞ்சுபோச்சும்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேடம் கடைசியாகக் கூப்பிட்டார். வியாழக்கிழமை அச்சுக்குப் போகுமுன் திருத்தம் வேண்டும். “முதலாளி அந்தப் பக்கத்தையே எடுத்துடலாமான்னு கேக்கிறார். இப்போ எல்லாரும்தான் போன்லயே எல்லாத்தையும் பார்த்துடறாங்களே.”

எல்லாருமா?

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“அப்போ இத்தனை வருஷமா நீ சொன்னதெல்லாம்?”

“சத்தியமா பார்த்ததுதான்க்கா.”

“இதையும் பார்த்ததாத்தானே நினைச்சே?”

மார்ச் 11, செவ்வாய்

அக்கா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

சின்ன வயதில் என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவளே அவள்தான். இடைவேளைக்கு முன்னாலேயே அவள் மடியில் நான் தூங்கிவிடுவேன். திரும்பி வரும்போது தெருவெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வருவாள். பாதிப் படங்கள் அப்படி எனக்குள் இருக்கின்றன — நான் பார்த்தவையா, அவள் சொன்னவையா என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பழக்கம்தான் போல. யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்கள் என்று எனக்குள் ஒருத்தி இன்னும் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அவளுக்கு என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பக்கம் போனால் போகட்டும். இது போகக் கூடாது.

மார்ச் 12, புதன்

காலையில் கண் விழித்தால் அக்கா செருப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“கிளம்பு. நானே பார்க்கணும்.”

படியிறங்க எவ்வளவு நேரம் ஆனதோ. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றோம். பயத்தில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். “வாயை மூடிட்டு வா. உன்னைக் கேட்கிறதா, படியைப் பார்க்கிறதா?” என்றாள். கீழே வந்ததும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். தெருவில் ஒருத்தர் அவள் கைத்தடியைப் பார்த்தார். அவளும் அவரைத் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், அதில் ஒன்றுமே இல்லை.

பகல் காட்சி, அரங்கில் ஆள் குறைவு. தூங்கிவிடக் கூடாது என்று இரண்டு காபி குடித்திருந்தேன். தூங்கவில்லை. மிஷின் சத்தம் நின்றது, மழை வந்தது. அக்கா என்ன செய்கிறாள் என்று ஒரு முறை திரும்பினேன். அவள் முகம் முழுக்கத் திரையின் நீல வெளிச்சம். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைத்தடி காலடியில் விழுந்து கிடந்தது, அவள் கவனிக்கவே இல்லை. என்னால் திரைப்பக்கம் திரும்ப முடியவில்லை. விளக்கு போட்டுவிட்டார்கள்.

இன்றைக்கும் நான் முடிவைப் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெட்கத்தை விட்டுக் கேட்டேன், “என்னக்கா ஆச்சு?”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “நீயெல்லாம் சினிமா பத்திரிகையில வேலை பார்க்கிறே! அவன் வரலடி. கடைசிப் படகுலயும் வரல. யாரோ ஒருத்தன் நனைஞ்சு நடுங்கிட்டு இறங்குறான். அந்தச் சட்டையை அவனுக்குக் கொடுத்துடறா. அவன் போட்டுட்டு நடந்து போறான், இவ அவன் முதுகையே பார்த்துட்டு நிக்கிறா. பின்னாலருந்து பார்த்தா புருஷன் மாதிரியே இருக்கு.”

முதுகு! முதுகு நிஜம்.

“நீ பொய் சொல்லலடி. அரைக் கண்ணுல பார்த்திருக்கே.”

அங்கேயே, பெஞ்சிலேயே, அவள் சொல்லச் சொல்லத் திருத்தத்தை எழுதினேன். ‘எழுதியவர் தூங்கிவிட்டார்’ என்றும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

திருத்தம் வந்தது. தாடி என்னோடு பேசவில்லை.

படுக்கையிலிருக்கும் அந்த அம்மாவுக்கு நானே போன் செய்தேன். முடிவை உள்ளபடி சொன்னேன். “போகட்டும். நனைஞ்சவனுக்கு ஒரு சட்டை கிடைச்சுதே” என்றார். அடுத்த வாரம் என்ன படம் என்றும் கேட்டார்.

மார்ச் 17, திங்கள்

முழுப் பக்கம் அரைப் பக்கமாகிவிட்டது. எடுக்கவில்லை, அது போதும். “அரைக் கண்ணுக்கு அரைப் பக்கம், சரிதான்” என்கிறாள் அக்கா.

மார்ச் 18, செவ்வாய்

மதியக் காட்சி. அக்காவுக்கும் சேர்த்து இடம் கேட்டிருந்தேன். வசூல் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் அவள். படத்தில் ஒரு நீண்ட ரயில் பயணம், ஜன்னலில் வயல்கள் போய்க்கொண்டே இருந்தன.

அவள் என்னை எழுப்பவில்லை. திரும்பி வரும்போது தெருவெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வந்தாள்.