நாய்ச்சொல் கொப்பி

கொக்கட்டிச்சோலை,
18.07.2025

அன்பு விதுர்ஷா,

இதை ஒருவருக்கும் காட்டாதே. விடுதி மிஸ்ஸுக்கும் வேண்டாம், இதைக் கொண்டுவரும் உன் அம்மாவுக்கும் வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடு. எல்லாரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

கஜானி அக்காவுக்கு லண்டன் மாப்பிள்ளை பேசியிருப்பது உனக்குத் தெரியும். நிலோஜன் என்று பெயர். நாலு வயதில் போனவர், தமிழ் விளங்கும், எழுத வராது. வாட்ஸ்அப்பில் இங்கிலீசில்தான் எழுதுவார். அக்கா ஓஎல் பரீட்சையோடு படிப்பை விட்டுத் தையலுக்குப் போனவ, இங்கிலீஸ் வராது. அப்பா போனை என்னிடம் தந்து, "அக்கா எழுதுற மாதிரி நீ எழுது புள்ள" என்றார். நாலு மாதமாகிறது.

முதலில் அக்கா சொன்னதைத்தான் எழுதினேன். ஒருநாள் அவர் வேலையால் வந்து 'டோக் டயர்ட்' என்று போட்டார், நாய் மாதிரிக் களைப்பாம். ஒன்பதாம் வகுப்பில் நாய் வருகிற இங்கிலீஸ் பேச்சுகளை எல்லாம் நாம் ஒரு கொப்பியில் சேர்த்தோமே, அது நினைவு வந்தது. அக்காவைக் கேட்காமலே, உங்களுக்கு 'டோக்ஸ் லைஃப்', நாய்ப் பிழைப்புத்தானா என்று எழுதிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு. அன்றிலிருந்து தினமும் ஒரு நாய்ச்சொல் கேட்கிறார். இப்படிப் பகிடி விடுகிற பெண்ணைத்தான் தேடினேன் என்று நேற்று எழுதியிருக்கிறார்.

அக்காவுக்கு இது தெரியாது. அவவுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு சம்பந்தம் குழம்பிவிட்டது. சீதனமாக வீட்டையும் அவ பேருக்கு எழுதியாகிவிட்டது. எனக்குப் பயமாயிருக்கிறது. ஆனாலும் கொப்பி முடிகிறது, புதுச்சொல் இருந்தால் அனுப்பு.

உன்,
தக்ஷாயினி


மட்டக்களப்பு,
27.07.2025

என் தக்ஷா,

கிழித்தேன், துண்டுகளையும் எரித்தேன். போதுமா? விடுதிச் சோற்றில் நான் மெலிந்ததை நீ விசாரிக்கவே இல்லை, அந்தக் கோபம் தனி.

லைப்ரரி அகராதியில் இரண்டு கிடைத்தன. கடையில் மிஞ்சிய சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகும் பை 'டோகி பேக்'. அலங்கோலமாய்க் கிடப்பது 'டோக்ஸ் டின்னர்'.

எழுதும்போதே கை கூசுகிறது. அவர் வந்து அக்காவுக்கு முன்னால் இருந்தால் என்ன புள்ள செய்வாய்? கொப்பியை அக்காவிடம் கொடு. இல்லாவிட்டால் இதோடு நிறுத்து. அம்மா கேற்றடியில் அவசரப்படுத்துகிறா.

அன்புடன்,
விதுர்ஷா


கொக்கட்டிச்சோலை,
21.08.2025

விதுர்ஷா,

கொப்பியை அக்காவிடம் கொடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. நீ அனுப்பிய இரண்டு சொல்லையும் அவருக்கு எழுதினேன்.

கல்யாணம் அடுத்த வியாழன். இன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், லண்டனிலிருந்து வந்த நிலோஜனும் கூட. அவர் குலைந்து கிடந்த தன் வேட்டிக்கட்டைக் காட்டி, 'டோக்ஸ் டின்னர்' என்று அக்காவிடம் சொன்னார். அக்கா குனிந்து சிரித்தா. வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் விடவில்லை. பலகாரத் தட்டைக் காட்டி, தனக்கு 'டோகி பேக்' கிடைக்குமா என்றார். அக்கா அதே சிரிப்பு. தேத்தண்ணித் தட்டோடு நின்ற நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பலகாரத் தட்டைத் தள்ளி வைத்தார்.

பின்னேரம் மெசேஜ் வந்தது. இவ்வளவு நாளும் எழுதியது யார், உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்று.

அக்காவை அறைக்குள் கூப்பிட்டு, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். என்னை அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கவில்லை, அழவும் இல்லை.

"எனக்கு இப்பிடிக் கதைக்க வராது புள்ள. எண்டாலும் நாந்தான் எழுதினனெண்டு போடு. இதுவும் குழம்பினா நான் ஆர்ர முகத்தில முழிக்கிற?"

சொல்லிவிட்டு வெளியே போய் இருந்தா. நான் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன். பொய் சொன்னால், சாகும் வரைக்கும் என் பகிடிக்கெல்லாம் அக்கா அங்கே குனிந்து சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

உண்மையை அனுப்பிவிட்டேன். அவர் வாசித்து அரை மணித்தியாலம். பதில் இல்லை. இப்போது பார்த்தால் அவருடைய படமும் இல்லை. முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம் மட்டும், எங்களை புளொக் செய்துவிட்டார்.

இந்தக் கதவுக்கு வெளியே அக்கா இன்னும் காத்திருக்கிறா. அப்பா நாளைக்குப் பந்தலுக்கு ஆள் சொல்லியிருக்கிறார். விதுர்ஷா, நான் எப்படி அவவிடம்

அக்கா கதவைத் தட்டுகிறா. "அனுப்பிட்டியா புள்ள?" என்று கேட்கிறா. நான்