நண்டு சாப்பிடாத மாமாவுக்கு

என் பாசமுள்ள நண்டு மாமா,

ஜாம் போத்தல் விளக்கின் திரியைக் குறைத்துவிட்டு எழுதுகிறேன். வெளியே நாய் குரைக்கும்போதெல்லாம் தாளைப் பாய்க்குக் கீழே தள்ளிவிடுகிறேன். அப்பா கண்டால் கிழித்துவிடுவார்.

நோர்வேயில் நீங்கள் இறந்த செய்தி பிந்தித்தான் வந்தது. அம்மா சத்தமில்லாமல் அழுதார். சொந்த அண்ணனுக்காக வாய்விட்டு அழவும் பயப்பட வேண்டுமா மாமா? "ஆரும் கேட்டால் நண்டு ஆராய்ச்சி செய்தவர் எண்டு மட்டும் சொல்லு. தூதர் கதை வாயில வரக்கூடாது" என்றார் அப்பா. சம்பளமில்லாத கௌரவ தூதர்தான் நீங்கள். ஆனாலும் உங்கள் மேசையில் இருந்தது அரசாங்கத்தின் முத்திரை. அந்த அரசாங்கத்தோடு சண்டை பிடிக்கும் இயக்கத்துக்கு அது தெரிந்தால் அப்பாவை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று எங்களுக்குப் பயம்.

செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி, நேற்று எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையல். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டுமே. கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். அப்போதுதான் குருநகரில் மீன் விற்கும் திரேசம்மா பெட்டி நிறைய நண்டோடு வந்தார்.

"அண்ணருக்குப் படையுங்கோ தங்கச்சி. அவருக்கு நண்டெண்டால் உயிராம். நோர்வேக்குப் போன என்ரை மகன் எழுதினவன்."

அப்பாவின் முகம் வெளிறியது. திரேசம்மா நிறுத்தவில்லை.

"பாஸ்போட் துலைஞ்சு, தூதர் பிடிச்சுக் குடுத்திடுவார் எண்டு கதவைத் தட்டவே பயந்து நிண்டவனாம். அண்ணர் சோறு போட்டிட்டுத்தான் பேரையே கேட்டவராம். பிறகு இவன் இன்னான் எண்டு எழுதி முத்திரை குத்திக் குடுத்தவர். மேசையெல்லாம் போத்தலுக்குள்ள நண்டாம். முப்பத்தோராம் நாள் அவற்றை நினைவாக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில இதையும் போடுங்கோ தம்பி."

"வேண்டாம் அக்கா. பிள்ளையள் இருக்கிற வீடு."

"அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே."

அப்பா நண்டுப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சண்டை ஓய்ந்திருந்த மாதங்களில் நீங்கள் வந்தபோது, கொழும்புத்துறைக் கரையில் ஒரு நண்டைத் திருப்பிப் பார்த்து, "வயித்தில முட்டை, போகட்டும்" என்று விட்டீர்களே. "காலம் முழுக்கப் படம் கீறிப் பேர் வைச்ச ஆக்களை எப்படிப் பிள்ளை தின்னுறது?" என்றும் கேட்டீர்கள். ஆனால் திரேசம்மாவிடம் அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நண்டுக்கறியும் இலையில் ஏறியது. கோபித்தீர்களா? இல்லை, அவருக்காக ஒரு காலையாவது கடித்துப் பார்த்தீர்களா?

இன்று பின்னேரம் அப்பா கல்வெட்டுக்கு எழுதியதை வாசித்துக் காட்டினார். தூதர் என்ற சொல் இல்லை. ஆனால் உயிரியல் அறிஞர் என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: "பசித்து வந்தோர்க்குப் பேர் கேளாமல் சோறிட்டவர்." அவரைக் குறை நினைக்காதீர்கள் மாமா. இப்போதைக்கு அவரால் எழுத முடிந்தது அவ்வளவுதான்.

எழுதாமல் விட்ட பாதியை நான் வைத்திருக்கிறேன். பயமில்லாமல் கதைக்கிற ஒரு காலம் வந்தால், அந்த முத்திரையை நீங்கள் எதற்குப் பாவித்தீர்கள் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வேன்.

உங்கள் தங்கையின் மூத்தவள்,
மருமகள் வதனி